சேதனக் குறைகடத்தித் திரான்சிற்றரில் ஏற்றத்தின் ஓட்டத்தை அளப்பது: கொழும்பில் தொடங்கும் மாணவர்களுக்கு

இயங்குதிறன் என்ற எண்ணை எந்தக் கருவியும் நேரடியாகக் காட்டுவதில்லை. கருவிக்குத் தெரிந்தவை இரண்டுதான்: தான் கொடுத்த மின்னழுத்தமும் அதற்கு ஓடிய மின்னோட்டமும். அவற்றை ஒரு சமன்பாட்டில் போட்டு இயங்குதிறனை எடுப்பவர்கள் நாம். சமன்பாடு பொருந்தாத திரான்சிற்றருக்கு அதைப் பயன்படுத்தினாலும் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும், அது பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் கணக்கைவிட, கணக்குக்கு முன் செய்யவேண்டியவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உயர்தரத்தில் பௌதிகவியலையும் இரசாயனவியலையும் தமிழில் படித்து, கொழும்பில் இறுதியாண்டு ஆய்வுக்காக முதன்முறை இந்த அளவீட்டுக்கு உட்காரும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். புலவிளைவுத் திரான்சிற்றர் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எதைத் தேடுகிறோம்

ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு வோல்ற்று என்ற மின்புலத்தில் ஏற்றம் சராசரியாக எந்த வேகத்தில் நகர்கிறதோ அதுவே அதன் இயங்குதிறன். அலகு, சதுர சென்ரிமீற்றரை வோல்ற்று-செக்கனால் வகுத்தது. கீழே அலகைத் திரும்பத் திரும்ப எழுதாமல் எண்ணை மட்டும் தருகிறேன். பளிங்குச் சிலிக்கனில் இலத்திரன்களுக்கு இது 1400 அளவில் இருக்கும். சேதனப் பொருள்களில் நிலைமை வேறு. மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவின்றித் தொட்டுக்கொண்டிருப்பதால், பெரும்பாலான படலங்களில் ஏற்றம் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவித் தாவியே போகிறது. 1986 இல் ஜப்பானின் மிற்சுபிசி ஆய்வாளர்கள் பொலிதயோபீனில் செய்த திரான்சிற்றரின் இயங்குதிறன் ஒன்றின் இலட்சத்தில் ஒரு பங்கு. இன்று ஒழுங்காகச் செய்த பென்ரசீன் படலம் 1 ஐ எட்டும். ரூபிறீன் தனிப்பளிங்கு 10 ஐத் தாண்டும். பல மாணவர்கள் தொடங்கும் பொலி-3-எக்சைல்தயோபீன் பெரும்பாலும் 0.01 முதல் 0.1 வரை தரும். இந்த எல்லைகளை நினைவில் வைத்திருங்கள். உங்கள் முதல் பொலிதயோபீன் மாதிரி 5 என்று சொன்னால், கொண்டாடுவதற்கு முன் கேபிள்களைப் பாருங்கள்.

மாதிரியின் அமைப்பு

புதியவர்களுக்கு உகந்தது மிக எளிய வடிவம். அதிகம் மாசூட்டிய சிலிக்கன் துண்டே படலை (gate), அதாவது ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்வாய். அதன் மேல் வெப்பத்தால் வளர்த்த 300 நனோமீற்றர் சிலிக்கன் ஈரொட்சைட்டு, காவலிப் படை. அதன் மேல் 30 முதல் 50 நனோமீற்றர் தடிப்பில் சேதனப் படலம். எல்லாவற்றுக்கும் மேலே முகமூடி வழியாக வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவிட்ட தங்கக் கீற்றுகள் இரண்டு: ஒன்று மூலம், மற்றது வடிகால். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியே கால்வாய். இந்தத் திரான்சிற்றர்களில் பெரும்பாலும் துளைகளே ஏற்றத்தைக் கொண்டுசெல்கின்றன. ஆகவே படலைக்கும் வடிகாலுக்கும் மறை மின்னழுத்தம் கொடுப்போம்.

ஒட்சைட்டின் மேற்பரப்பில் ஐதரொட்சில் கூட்டங்கள் உண்டு. அவை இலத்திரன்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நீரையும் இழுக்கும். எச்.எம்.டி.எஸ். அல்லது ஓ.டி.எஸ். என்று ஆய்வுகூடத்தில் அழைக்கும் சிலேன் சேர்வையால் அந்தப் பரப்பை மூடிய பின்னரே படலம் போடவேண்டும். மூடியது சரியா என்று அறிய ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். பரவாமல் திரண்டு நின்றால் தொடரலாம்.

கணக்குக்கு வேண்டிய மூன்று எண்கள்

அகலம், நீளம், சதுர சென்ரிமீற்றருக்கான கொள்ளளவம். இம்மூன்றையும் முகமூடியினதும் சிலிக்கன் துண்டினதும் விற்பனைத் தாள்களிலிருந்து எடுத்து எழுதுவது பரவலான பழக்கம், கெட்ட பழக்கம். ஆவியாகும் தங்கம் முகமூடியின் ஓரத்துக்கு அடியில் சற்று ஊர்ந்து படியும். தாளில் 50 மைக்ரோமீற்றர் என்றிருந்த கால்வாய் உண்மையில் 44 ஆக இருக்கலாம். அப்போது தாளின் எண்ணைப் போட்டால் இயங்குதிறன் சுமார் 14 சதவீதம் கூடித் தெரியும். நுணுக்குக்காட்டியில் ஒவ்வொரு மாதிரியையும் படமெடுத்து, கால்வாயை மூன்று நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

கொள்ளளவத்தைக் கணித்தும் பார்க்கலாம். 300 நனோமீற்றர் ஒட்சைட்டுக்கு, சார்பு மின்னுழைதிறன் 3.9 என எடுத்தால், சதுர சென்ரிமீற்றருக்கு 11.5 நனோபரட் வரும். அதே துண்டில் பரப்பு தெரிந்த ஒரு தங்கச் சதுரத்தை நேரடியாக ஒட்சைட்டின் மேல் படியவைத்து, கொள்ளளவமானியால் அளந்து ஒப்பிடுங்கள். அயன்கள் நகரும் கூழான அயன் ஜெல் போன்ற காவலிகளைப் பயன்படுத்துவோர் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். அவற்றின் கொள்ளளவம் அதிர்வெண்ணோடு பெரிதும் மாறும். திரான்சிற்றரை மெதுவாக அளந்துவிட்டு, கொள்ளளவத்தை மட்டும் உயர் அதிர்வெண்ணில் எடுத்தால் இயங்குதிறன் பல மடங்கு ஊதிப்போகும்.

இன்னொன்று. சேதனப் படலம் துண்டு முழுவதும் பரவிக் கிடந்தால் மின்னோட்டம் கால்வாய்க்கு வெளியேயும் சுற்றி ஓடும், படலைக் கசிவும் கூடும். ஒவ்வொரு திரான்சிற்றரைச் சுற்றியும் படலத்தைச் சுரண்டித் தனியாக்குங்கள். கரைப்பானில் நனைத்த பல்குத்தும் குச்சி போதும். அகலம் நீளத்தைவிட 10 மடங்காவது இருக்கட்டும்.

கொழும்பின் காற்று

வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரையில் "சாதாரண வளியில் அளக்கப்பட்டது" என்று படிக்கும்போது, அந்த வளி நம்முடையது போன்றதாக இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். கொழும்பில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை 27 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கிறது, ஈரப்பதன் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடலிலிருந்து ஈரம் நேரே வருகிறது. உப்பும் சேர்ந்து வந்து ஊசிமுனைகளையும் இணைப்பிகளையும் அரிக்கிறது.

நீர் மூலக்கூறுகள் காவலிக்கும் படலத்துக்கும் இடையே புகுந்தால் ஏற்றங்களுக்குப் பொறியாகின்றன. தொடக்க மின்னழுத்தம் (திரான்சிற்றர் கடத்தத் தொடங்கும் படலை மின்னழுத்தம்) நகரும், போகும் வரைபும் திரும்பும் வரைபும் பிரியும். ஒட்சிசன் வேறு வகையில் தொல்லை தரும். பொலிதயோபீன் போன்றவற்றில் அது துளைகளை உண்டாக்கி, அணைத்திருக்கும் நிலையிலும் மின்னோட்டம் ஓடச் செய்யும்.

நைதரசன் நிரப்பிய கையுறைப் பெட்டி இருந்தால் அதற்குள்ளேயே அளப்பது நல்லது. இல்லாத ஆய்வுகூடத்தில் செய்யக்கூடியவை உண்டு. மாதிரிகளைச் சிலிக்கா ஜெல் போட்ட உலர்த்தியில் வையுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால் ஜெல் எப்போது நிரம்பியது என்று கண்ணாலேயே தெரியும். ஊசிமேடையைச் சிறிய அக்ரிலிக் பெட்டியால் மூடி, உருளையிலிருந்து உலர் நைதரசனை மெதுவாக ஓடவிடுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்னணுக் கடைகளில் சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானிகளைத் தேடிப் பாருங்கள். ஒன்று பெட்டிக்குள் நிரந்தரமாக இருக்கட்டும். ஒவ்வோர் அளவீட்டுக் கோப்பிலும் வெப்பநிலையும் ஈரப்பதனும் பதிவாகவேண்டும்.

குளிரூட்டிய அறையில் குளிர்ந்த மாதிரியைத் திறந்தபடி வெளி நடைபாதைக்குக் கொண்டுவரவே கூடாது. கொழும்பு வளியின் பனிபடுநிலை பெரும்பாலும் 23, 24 பாகையில் நிற்கிறது. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். மூடிய டப்பாவில் கொண்டுவந்து, அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறவுங்கள்.

இணைப்பும் இரைச்சலும்

மின்னழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டே மின்னோட்டத்தை அளக்கும் இரட்டைக் கருவி வேண்டும். எல்லோரும் எஸ்.எம்.யூ. என்பார்கள். ஒன்று படலைக்கு, ஒன்று வடிகாலுக்கு. மூலம் பொது நிலத்துக்குப் போகும். துண்டின் பின்புறத்திலும் ஒட்சைட்டு இருக்கும். அதை வைரமுனைப் பேனாவால் சுரண்டி, வெள்ளிப் பசை தடவினால்தான் படலைக்கு நல்ல தொடுகை கிடைக்கும்.

மாதிரியைத் தொடுவதற்கு முன், ஊசிகளை ஒரு மில்லிமீற்றர் உயர்த்தி வைத்துக்கொண்டு முழு அளவீட்டையும் ஒருமுறை ஓட்டுங்கள். அப்போது கிடைப்பது உங்கள் அமைப்பின் அடித்தள இரைச்சல். இரட்டைக் கவசமுள்ள நல்ல ட்ரையாக்சியல் கேபிளோடு அது பிக்கோஅம்பியர் அளவில் இருக்கும். நம் நாட்டு மின்வழங்கல் 50 ஹேர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன். கருவியின் அளவீட்டு நேரத்தை 20 மில்லிசெக்கனின் முழு மடங்காக வைத்தால் மின்வழங்கலின் முனகல் பெரும்பாலும் தானாகவே கழிந்துவிடும். தொழிற்சாலையிலிருந்து கருவி 60 ஹேர்ட்ஸ் அமைப்பில் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சேதனப் படலங்கள் ஒளியை உறிஞ்சி ஏற்றங்களை உண்டாக்கும். நுணுக்குக்காட்டி விளக்கை அணைத்து, கறுப்புத் துணியால் மூடி, சில நிமிடங்கள் பொறுத்தபின் தொடங்குங்கள். தடையிலா மின்வழங்கி கட்டாயம். 2022 இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டைப் பார்த்த ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முதலில் கசிவு, பிறகு வெளியீட்டு வரைபு

வடிகாலைப் பூச்சியத்தில் வைத்து, படலை மின்னழுத்தத்தை −60 வோல்ற்று வரை மெதுவாக நகர்த்தி, படலையில் ஓடும் மின்னோட்டத்தைப் பாருங்கள். வடிகாலில் பின்னர் கிடைக்கும் மின்னோட்டத்தில் இது நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தத் திரான்சிற்றரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கசியும் மாதிரியிலிருந்து இயங்குதிறன் எடுக்க முயல்வது நேர விரயம்.

அடுத்தது வெளியீட்டு வரைபு. படலையை 0, −20, −40, −60 வோல்ற்று என நிலையாக வைத்து, ஒவ்வொன்றிலும் வடிகாலை 0 முதல் −60 வரை ஓட்டுங்கள். அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் படி இது. என்னைக் கேட்டால் மாதிரியைப் பற்றி அதிகம் சொல்லுவதும் இதுதான். தொடக்கத்தில் வரைபு நேராக எழுந்து (நேர்கோட்டுப் பகுதி), பின்னர் வளைந்து, தட்டையாகிறதா (நிரம்பல் பகுதி)? நல்லது. தொடக்கத்தில் மேலெழாமல் சற்று படுத்துக் கிடந்து பிறகு எழுகிறதா? தங்கத்திலிருந்து படலத்துக்குள் ஏற்றம் நுழையச் சிரமப்படுகிறது. வடிகால் பூச்சியத்தில் இருக்கும்போதே மின்னோட்டம் பூச்சியத்திலிருந்து விலகி நிற்கிறதா? கசிவு. இறுதிவரை தட்டையாகவில்லையா? அப்படியென்றால் நிரம்பல் பகுதிக்கான சமன்பாட்டை அந்த மாதிரிக்கு எடுக்காதீர்கள்.

இடமாற்ற வரைபும் கணக்கும்

இப்போது வடிகாலை நிலையாக வைத்து, படலையை +10 முதல் −60 வரை ஒரு வோல்ற்றுப் படிகளில் ஓட்டி, நிறுத்தாமல் அதே வேகத்தில் திரும்பிக் கொண்டுவாருங்கள். இரு முறை செய்யவேண்டும்: வடிகால் −5 வோல்ற்றில் நேர்கோட்டுப் பகுதிக்கு, −60 வோல்ற்றில் நிரம்பல் பகுதிக்கு. வேகத்தைக் குறித்துவையுங்கள். போகும் வரைபுக்கும் திரும்பும் வரைபுக்கும் இடையிலான பிரிவு, அதாவது பின்னிடைவு, வேகத்தோடு மாறும்.

நேர்கோட்டுப் பகுதியில் மின்னோட்டத்தைப் படலை மின்னழுத்தத்துக்கு எதிரே வரைந்து படித்திறனை எடுங்கள். அதைக் கால்வாய் நீளத்தால் பெருக்கி, அகலம், கொள்ளளவம், வடிகால் மின்னழுத்தம் மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் இயங்குதிறன். உதாரணமாக அகலம் 1000 மைக்ரோமீற்றர், நீளம் 50, கொள்ளளவம் 11.5 நனோபரட், வடிகாலின் பருமன் 5 வோல்ற்று என்க. படித்திறன் வோல்ற்றுக்கு 0.23 மைக்ரோஅம்பியர் என்றால் விடை 0.2.

நிரம்பல் பகுதியில் மின்னோட்டத்தின் வர்க்கமூலத்தை வரையவேண்டும். அதன் படித்திறனை வர்க்கமாக்கி, 2 ஆலும் நீளத்தாலும் பெருக்கி, அகலத்தினதும் கொள்ளளவத்தினதும் பெருக்கத்தால் வகுங்கள். அதே மாதிரியில் அந்தப் படித்திறன், அம்பியரின் வர்க்கமூலத்தில், வோல்ற்றுக்கு 0.00015 என்று வந்தால், விடை மீண்டும் ஏறக்குறைய 0.2. கோட்டை நீட்டினால் அது படலை அச்சை வெட்டும் இடம் தொடக்க மின்னழுத்தம். இந்த உதாரணத்தில் அது −10 வோல்ற்று என்று வைத்துக்கொள்வோம்.

இரு பகுதிகளும் ஒரே விடையைத் தந்தால் மாதிரியும் சமன்பாடும் ஒத்துப்போகின்றன. பெரிதும் வேறுபட்டால் இரண்டில் பெரியதைத் தெரிவு செய்து எழுதும் ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல், ஏன் வேறுபடுகின்றன என்று தேடுங்கள். நேர்கோட்டுப் பகுதியின் விடை குறைவாக இருந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது தொடுகைத் தடையை, அதாவது தங்கத்திலிருந்து படலத்துக்குள் ஏற்றம் நுழையும் இடத்தின் தடையை.

முறிந்த கோடு

வர்க்கமூல வரைபு சிலவேளை ஒரே கோடாக இராது. தாழ்ந்த படலை மின்னழுத்தத்தில் செங்குத்தாக ஏறி, பிறகு முறிந்து, மெதுவான சரிவோடு போகும். செங்குத்தான துண்டில் கோடு பொருத்தினால் பெரிய இயங்குதிறன் கிடைக்கும். பல ஆண்டுகளாக இப்படிப் பெற்ற எண்கள் வெளியாகின. தொடுகைத் தடை படலையால் வேகமாகக் குறைவதே இந்தச் செங்குத்துக்குக் காரணமாக இருக்கலாம், இதனால் இயங்குதிறன் பத்து மடங்குவரை மிகைப்படலாம் என்று 2016 இல் வெளியான ஆய்வுகள் தெளிவாகக் காட்டின. கால்வாயைப் பற்றி எதுவும் சொல்லாத ஒரு படித்திறனைக் கால்வாயின் குணமாக எழுதிவிடும் அபாயம் இது.

2018 முதல் பலரும் ஒரு நம்பகக் காரணியையும் சேர்த்துத் தருகிறார்கள், நீங்களும் தாருங்கள். நீங்கள் சொல்லும் இயங்குதிறனும் பூச்சியத் தொடக்க மின்னழுத்தமும் உள்ள இலட்சியத் திரான்சிற்றர் ஒன்று அதே உச்சப் படலை மின்னழுத்தத்தில் எவ்வளவு மின்னோட்டம் தரவேண்டும்? உங்கள் மாதிரி அதில் எத்தனை பங்கைத் தந்தது? மேலே உள்ள உதாரணத்தில் −60 வோல்ற்றில் 56 மைக்ரோஅம்பியர் ஓடும். இலட்சியத் திரான்சிற்றர் 81 தந்திருக்கும். காரணி 69 சதவீதம், பயன்தரு இயங்குதிறன் 0.14. முறிந்த கோட்டின் செங்குத்துத் துண்டைப் பிடித்தவருக்கு இந்தக் காரணி 10 சதவீதத்துக்கும் கீழே விழக்கூடும், வாசிப்பவருக்கு உடனே விளங்கிவிடும்.

தொடுகைத் தடையைப் பிரித்தெடுத்தல்

காலி வீதி எவ்வளவு அகலமாக இருந்தாலும், அதில் ஏறும் ஒழுங்கை குறுகலாக இருந்தால் வாகனங்கள் ஒழுங்கையிலேயே நிற்கும். மின்வாயிலிருந்து படலத்துக்குள் ஏற்றம் நுழையும் இடம் அப்படிப்பட்டது. அதை அளக்க, ஒரே துண்டில் பல கால்வாய் நீளங்கள் உள்ள திரான்சிற்றர்கள் வேண்டும்: 20, 50, 100, 150, 200 மைக்ரோமீற்றர் போல. ஒவ்வொன்றிலும் நேர்கோட்டுப் பகுதியில் மொத்தத் தடையைக் கண்டு, அகலத்தால் பெருக்கி, நீளத்துக்கு எதிரே வரையுங்கள். கோட்டின் படித்திறன் கால்வாய்க்கு உரியது. நீளம் பூச்சியத்தில் வரும் வெட்டுத்துண்டு தொடுகைத் தடை. இதை ஒவ்வொரு படலை மின்னழுத்தத்துக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும், ஏனென்றால் தொடுகைத் தடையும் படலையோடு மாறும்.

எண்ணைப் போட்டுப் பார்த்தால் இதன் கனம் தெரியும். இயங்குதிறன் 0.2, தொடக்க மின்னழுத்தத்துக்கு மேல் 50 வோல்ற்று என்றால், 50 மைக்ரோமீற்றர் கால்வாயின் தடை சுமார் 43 கிலோஓம்-சென்ரிமீற்றர். தொடுகைத் தடை 10 என்றால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதே படலத்தில் 10 மைக்ரோமீற்றர் கால்வாய் செய்தால் கால்வாயின் தடை 8.7 ஆகக் குறையும், தொடுகை அதைவிடப் பெரிதாகிவிடும். அப்போது நீங்கள் அளப்பது பெரும்பாலும் தங்கத்தின் ஓரத்தை. முதல் ஆய்வுக்கு நீளமான கால்வாய்களை விரும்பித் தெரிவு செய்யச் சொல்வது இதனால்தான்.

பதிவு

ஒரு திரான்சிற்றரின் விடை விடையல்ல. ஒரே துண்டில் குறைந்தது பத்தையாவது அளந்து, சராசரியையும் பரம்பலையும் தாருங்கள். வேலை செய்யாதவற்றின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். கருவி தந்த மூலக் கோப்பைத் திருத்தாமல், இரண்டு இடங்களில் சேமியுங்கள். இந்தத் துறைக்கு இதில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. சேதனப் பளிங்குகளில் வியக்கத்தக்க முடிவுகளை வெளியிட்டுவந்த பெல் ஆய்வுகூடத்தின் ஹென்ட்ரிக் ஷோன் தரவுகளைப் புனைந்திருந்தார் என்று 2002 இல் விசாரணைக் குழு கண்டறிந்தது. வேறு வேறு பொருள்களுக்கு என்று காட்டிய வரைபுகளில் இரைச்சல்கூட ஒரே மாதிரி இருந்தது. சரிபார்க்க மூலக் கோப்புகளோ முறையான ஆய்வுக் குறிப்பேடுகளோ இருக்கவில்லை. மின், மின்னணுப் பொறியியலாளர்களின் அமைப்பான ஐ.ஈ.ஈ.ஈ. இன் 1620 ஆம் இலக்கத் தரநிலை, சேதனத் திரான்சிற்றரைப் பற்றி என்னென்ன அறிக்கையிடவேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அந்த வரிசையை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

வெப்பநிலையை மாற்றிப் பார்க்க

அறை வெப்பநிலையில் எல்லாம் ஒழுங்காக வந்தபின் இதற்குப் போகலாம். ஏற்றம் தாவித்தான் நகர்கிறதா என்பதை வெப்பநிலைதான் சொல்லும். தாவினால் குளிரக் குளிர இயங்குதிறன் குறையும். இயங்குதிறனின் இயற்கை மடக்கையைக் கெல்வின் வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிரே வரைந்து, படித்திறனின் பருமனைப் போல்ற்ஸ்மன் மாறிலியால் பெருக்கினால் தாவுவதற்கு வேண்டிய ஏவற்சக்தி கிடைக்கும். அதை ஒப்பிடவேண்டிய அளவு, அறை வெப்பநிலையில் வெப்பம் தரும் சக்தியான சுமார் 26 மில்லி இலத்திரன் வோல்ற்று.

குளிர்விப்பதை வெற்றிட அறைக்குள் மட்டுமே செய்யுங்கள், கொழும்புக் காற்றில் மின்னோட்டத்தால் குளிரும் பெல்ரியர் தட்டை 20 பாகைக்குக் கொண்டுவந்தாலே மாதிரி நனைந்துவிடும். வெற்றிடம் இல்லாதவர்கள் நைதரசன் பெட்டிக்குள் 30 முதல் 70 பாகை வரை சூடாக்கிப் பார்க்கலாம். வீச்சு சிறியது, ஆனாலும் போக்கு தெரியும். மேலே போகும்போதும் கீழே வரும்போதும் அளந்து, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றனவா என்று பாருங்கள். விழாவிட்டால் சூட்டில் படலமே மாறியிருக்கிறது. தொடுகைத் தடையும் வெப்பநிலையோடு மாறும் என்பதால், ஒவ்வொரு வெப்பநிலையிலும் எல்லா நீளங்களையும் அளக்க நேரமில்லையென்றால், துண்டில் உள்ள மிக நீளமான கால்வாயை மட்டும் எடுத்து இதைச் செய்யுங்கள்.